5,242 கோடியே 88 லட்சம்: ஒரு பகுதியெண்ணின் கணக்கு

இராசராசன் காலத்தில் ஒரு வேலியின் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு நிலம்கூட அளக்கப்பட்டு வரி விதிக்கப்பட்டது என்று கா. அ. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் எழுதினார். வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். அப்படியானால் அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். புதுவயல் அரிசி ஆலைக் களத்தில் ஒரு நெல்மணி கிடக்கும் இடத்தில் இத்தகைய பங்குகள் பல அடங்கிவிடும். கோல் பிடித்து வரப்பளந்தவர் எவரும் இதை அளந்திருக்க முடியாது. இந்த எண் நிலத்தில் பிறந்ததன்று, ஓலையில் பிறந்தது என்பதே என் கருத்து. அதற்குச் சான்று அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அதைக் காரணிப்படுத்தினால் 24 இரண்டுகளும் 5 ஐந்துகளும் மட்டுமே கிடைக்கும். வேறு பகா எண் ஒன்றும் இல்லை. நில அளவில் தற்செயலாக வந்த எண் இவ்வளவு துப்புரவாக இராது. எண்சுவடி படித்தவருக்கு இதன் பிறப்பு உடனே விளங்கும். மா என்பது 1/20, வீசம் 1/16; மாவில் வீசம் முந்திரி, அதாவது 1/320. முந்திரிக்குக் கீழே இறங்க நம் கணக்கர்கள் புது வாய்பாடு தேடவில்லை. ‘கீழ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, பழைய பின்னங்களையே மீண்டும் 320-இல் ஒன்றாகச் சுருக்கினார்கள். கீழ்முந்திரி 1/1,02,400 ஆனது அப்படித்தான். நான்கு 320-களைப் பெருக்கினால் 10,48,57,60,000. அதன் ஐந்து மடங்கே நம் எண். ஆகவே நாலுமாவை, அதாவது ஐந்தில் ஒன்றை, நான்கு படி கீழே இறக்கினால் அந்தப் பங்கு வந்துவிடுகிறது. 320-ஐ அடியாகக் கொண்டு பின்னத்துக்கு இடமதிப்பு தந்த முறை இது. இன்றைய தசமத்தில் அதே பின்னத்தை மிச்சமின்றி எழுத 24 இலக்கங்கள் வேண்டும்.

அளக்க முடியாததை எழுதியது எழுத்தரின் வீண் பகட்டு என்பார் உண்டு. ஆனால் இத்தகைய பின்னங்கள் வருவது, ஊரின் மொத்த நிலத்திலிருந்து நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றை நீக்கி, எஞ்சியதற்கு வரி கணக்கிட்ட சாசனங்களில். இடையில் ஒரு துணுக்கை விட்டுவிட்டால் கழித்தலும் கூட்டலும் பொருந்தா. ஐந்தொகை நேர்படாமல் கணக்கை முடிக்காத செட்டிநாட்டுக்கு இதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. மற்றொரு தடை வலியது: இவ்வளவு பெரிய எண்ணுக்கு 150 வகுஎண்கள் இருந்தும் மூன்று அவற்றில் இல்லை. எத்தனை படி கீழே இறங்கினாலும் மூன்று பங்காளிகளுக்குச் சரிசமமாகப் பிரிக்க இயலாது. உண்மைதான். பின்னாளில் 192 பைகள் கொண்ட வெள்ளையர் ரூபாயில் மூன்று இருந்தது. அதில் ஒரு பை 320-இன் கணக்கில் மிச்சமின்றி அடங்காது. ஆனால் நம் எண்ணை மூன்றால் வகுக்க மிஞ்சுவது இரண்டே பங்கு. ஒரு வேலியை மூவர் பிரித்துக்கொண்டால் பேசித் தீர்க்க வேண்டிய நிலம் ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர்.