ஜொகூரில் கட்டுமான டெண்டர் போடப் போறீங்களா? விலை எழுதும் முன் இதைப் பாருங்க

ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. ஜொகூர் பாருவில் ஆர்டிஎஸ் ரயில் திட்டம், கூலாய் பக்கம் செடனாக்கில் தரவு மையங்கள் என்று வேலைகள் பெருகியுள்ளன. கடை, கிடங்கு, அலுவலகம் கட்டும் சிறிய குத்தகையாளர்களுக்கும் இது வாய்ப்புதான். ஆனால் விலையைக் குறைத்துப் போட்டுப் பிடித்த வேலை, கடைசியில் கையைக் கடிக்கலாம்.

முதலில், தகுதி இருக்கா?

சட்டம் 520-இன் கீழ், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி-யில் பதிந்துகொண்ட பிறகே குத்தகையாளர் வேலை எடுக்க முடியும். ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்கள் உள்ளன. ஜி7 தவிர மற்ற எல்லாத் தரங்களுக்கும் குத்தகை மதிப்பில் வரம்பு உண்டு.

விலையை எப்படிப் போடுவது?

வரைபடத்தையும் அளவுப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்க. தளத்துக்கு நேரில் போங்க: லாரி உள்ளே வருமா, மழைத் தண்ணீர் எங்கே தேங்கும்? சந்தேகம் இருந்தால் டெண்டர் மூடும் முன் எழுத்தில் கேளுங்க.

பொருள், ஆள் கூலி, இயந்திரம், துணைக் குத்தகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிடுங்க. சாரம், காப்புறுதி, தள அலுவலகம், பாதுகாப்பு ஆகிய செலவுகளும் இருக்கு. இதன் மேல்தான் அலுவலகச் செலவும் லாபமும்.

பழைய விலைப்பட்டியல் உதவாது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆனது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்தது. குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு, வணிகக் கட்டடங்களுக்கு இல்லை.

லாபம் எப்போது கைக்கு வரும்?

800,000 ரிங்கிட் குத்தகையில் 5 விழுக்காடு லாபம் என்றால் 40,000 ரிங்கிட். 500,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட வேலைக்கு சிஐடிபி லெவி 0.125 விழுக்காடு, இங்கே 1,000 ரிங்கிட். வேலை கொடுப்பவர் பிடித்து வைக்கும் தொகை, பல ஒப்பந்தங்களில் குத்தகை மதிப்பில் 5 விழுக்காடு வரை போகும். அதுவும் 40,000 ரிங்கிட்! அதில் பாதி வேலை முடிந்ததும் வரும். மீதி, குறை திருத்தும் காலம் முடிந்த பிறகே. அதுவரை சம்பளத்துக்கும் சிமெண்டுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதை டெண்டர் போடும் முன்பே யோசிக்கணும்.

பணம் வரலைன்னா?

2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள சிபா 2012 சட்டத்தின்படி, "எனக்குப் பணம் வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை செல்லாது. நிலுவைத் தொகைக்கு, நீதிமன்றம் போகாமலேயே விரைவுத் தீர்ப்பு கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். வாய்ப்பேச்சை நம்பி வேலையைத் தொடங்காதீங்க.

டெண்டரை ஒப்படைக்கும் முன் கூட்டல், கையெழுத்து, இணைப்புகள், மூடும் நேரம் ஆகியவற்றை இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்க. கணக்கு ஒத்துவரலைன்னா, அந்த டெண்டரை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க.