பெயர் மாறினும் எண் மாறாது

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. பின்பு காமராசர் மாவட்டம். 1997இல் அதுவே விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. முகவரியில் மாவட்டப் பெயர் இருமுறை மாறியும், அருப்புக்கோட்டையின் அஞ்சல் குறியீட்டு எண் 626101 மாறவில்லை. இம்முறை நாட்டில் 1972 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது.

கணிப்பொறியிலும் இதே சிக்கல் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் பயனாளரின் கோப்புகள் ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்னும் கோப்புறையில் இருந்தன. 2007இல் பரவலாக விற்பனைக்கு வந்த விஸ்டாவில் அது ‘யூசர்ஸ்’ ஆயிற்று. பழைய பாதையை அப்படியே எழுதியிருந்த நிரல்கள் வழி தவறாதிருக்க, பழைய பெயரிலும் ஓர் இணைப்பை வைக்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு என்ன? முக்கியக் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் விஸ்டா மாறாத அடையாள எண் தந்தது. எண்ணைச் சொன்னால் இன்றைய பாதை கிடைக்கும். பாதையைச் சொன்னால் எந்தக் கோப்புறை என்பது தெரியும். ஆகவே மாணவர்களே, நிரலில் பாதையை எழுதாதீர்கள். எண்ணைக் கொண்டு கேளுங்கள்.