மூலை வரை கூர்மை

லென்ஸின் துளையைச் சுருக்கச் சுருக்கப் படம் கூர்மையாகும். ஓர் எல்லைக்குப் பிறகு மறுபடி மங்கும். பின்னதன் காரணத்தை 1835இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி கணக்கிட்டார். எவ்வளவு நேர்த்தியான லென்ஸானாலும் அதன் வட்டத் துளை வழியே வரும் ஒளி புள்ளியாகக் குவியாது, சிறு வட்டாகப் பரவும். பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் எஃப்/8இல் ஏறத்தாழ 0.011 மி.மீ.; எஃப்/16இல் அதைப்போல் இரு மடங்கு. அகலத் துளையில் படத்தைக் கெடுப்பவை லென்ஸின் பிறழ்ச்சிகள். 1840இல் வந்த, பெட்ஸ்வால் என்பவர் வடிவமைத்த லென்ஸ் நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல். முகப்படத்துக்கு அது போதும், நிலக்காட்சிக்குப் போதாது.

லென்ஸின் கூர்மையை அளக்க அமெரிக்க விமானப்படையின் 1951 சோதனை அட்டை நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. அதில் மும்மூன்று கோடுகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். படமெடுத்து, ஃபிலிமை நுண்ணோக்கியில் பார்த்து, கடைசியாகப் பிரிந்து தெரியும் கோடுகளைக் குறிப்பார்கள். இம்முறையின் பெருங்குறை, நுண்கோடுகளை வெளிறலாகவேனும் காட்டும் லென்ஸ், கான்ட்ராஸ்ட் மிகுந்த நல்ல லென்ஸை முந்திவிடுவதுதான்.

பிரான்சில் டஃப்யூ 1946இல் வெளியிட்ட நூலும், ஆர்சிஏ நிறுவனத்தில் ஓட்டோ ஷேட், லண்டனில் ஹாப்கின்ஸ் ஆகியோரின் ஆய்வுகளும் இதை மாற்றின. கோடு தெரிகிறதா என்ற கேள்வியின் இடத்தில், எத்தனை விழுக்காடு கான்ட்ராஸ்டோடு தெரிகிறது என்று கேட்கும் எம்டிஎஃப் வரைபடம் வந்தது. நடுவிலிருந்து மூலை வரை, ஒவ்வொரு துளைக்கும் தனிக் கோடு.

அகலக் கோண ஜூமுக்கு இந்த முறை இன்றியமையாதது. 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஜூமான ஃபோக்ட்லேண்டர் ஜூமார் (1959) 36 மி.மீட்டரில்தான் தொடங்கியது, நிக்கானின் 28-45 மி.மீ. 1975இல் வந்தது. ரிஃப்ளெக்ஸ் கேமராவின் கண்ணாடி அசைய இடம் விட வேண்டியிருந்ததால் லென்ஸின் அமைப்பு சமச்சீரற்றதாகி, மூலைகளில் நிறம் பிரிந்தது. துளையைச் சுருக்கினாலும் இந்த நிறப்பிரிவு தீராது. கோளப் பிறழ்ச்சி மட்டும் விரைவில் அடங்கும். அதனால் பெரும்பாலான ஜூம்களில் நடுப்பகுதி எஃப்/5.6 அளவிலேயே தெளிய, மூலைகளுக்கு எஃப்/8 அல்லது எஃப்/11 தேவைப்படுகிறது. ஜூமின் குறுங்குவிய முனையில் சிறந்த துளையே நெடுங்குவிய முனையிலும் சிறந்ததாக இருக்கவேண்டியதில்லை. ஒரே துளையில் எடுத்த ஒரே படத்தை வைத்து இத்தகைய லென்ஸை எடைபோடுவது அதற்குச் செய்யும் அநீதி.

2000இல் வந்த ஐஎஸ்ஓ 12233 தரம், சாய்ந்த விளிம்பொன்றின் டிஜிட்டல் படத்திலிருந்தே எம்டிஎஃபைக் கணக்கிட வழிசெய்தது. ஆனால் அகலக் கோணத்தில் அட்டை சட்டகத்தை நிரப்ப, கேமராவை மிக அருகே கொண்டுபோக வேண்டும். தொலைதூரக் காட்சிகளுக்காக வடிவமைத்த லென்ஸின் குவிதளம் அருகில் வளைந்து மூலைகள் மங்கலாம். முடிவிலியில் அளக்கும் ஒளியியல் மேசைச் சோதனையில் அதே மூலைகள் கூர்மையாக இருக்கக்கூடும்.