லாட்டரியில் வெற்றி வாய்ப்பு

லாட்டரியில் முதல் பரிசு விழுவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் தேசிய லாட்டரி 1994 நவம்பர் 19இல் முதல் குலுக்கலை நடத்தியது. அப்போது 49 எண்களில் 6ஐச் சரியாகக் குறிக்க வேண்டியிருந்தது; வரிசை முக்கியமில்லை. முதல் பந்து நாம் குறித்த ஆறில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 6/49, அடுத்தது 5/48, இப்படியே போய்க் கடைசிப் பந்துக்கு 1/44. எல்லாவற்றையும் பெருக்கினால் 1,39,83,816இல் ஒன்று. 2015 அக்டோபரில் எண்களை 59 ஆக்கினார்கள். கூடியவை பத்தே எண்கள். வாய்ப்போ 4,50,57,474இல் ஒன்றாகச் சரிந்தது.

போன வாரக் குலுக்கல் இந்த வாரத்தைக் கட்டுப்படுத்தாது. எனவே வெகுநாளாக வராத எண்ணைத் தேடுவது வீண். அதை நம்பிக் காசை இழப்போர் ஏராளம். 1, 2, 3, 4, 5, 6 என்று குறித்தாலும் அதே வாய்ப்புதான். எண் தேர்வு மாற்றக்கூடியது, வென்றால் பரிசில் கிடைக்கும் பங்கை மட்டுமே. 1995 ஜனவரி 14 குலுக்கலில் வென்ற எண்கள் 133 சீட்டுகளில் இருந்தன; முதல் பரிசான ஏறத்தாழ 1.6 கோடி பவுண்டு சீட்டுக்கு 1,22,510 பவுண்டாகப் பிரிந்தது. பிறந்த தேதியைக் குறிப்போர் பலர் என்பதால் 31 வரையிலான எண்களில் நெரிசல் அதிகம்.

வெவ்வேறு எண்களுடன் இரண்டு சீட்டு வாங்கினால் வாய்ப்பு இரட்டிப்பாகும் என்பது உண்மையே. 49 எண் ஆட்டத்தில் அது 69,91,908இல் ஒன்று.