பெயரும் பாதையும்: ஓ சல்லிவன் குடியின் வரலாற்றுத் தடங்கள்

நீலகிரி வரலாற்றைப் படித்தோர் ஜான் சல்லிவன் என்னும் பெயரை நன்கறிவர். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த அவர் 1819 சனவரியில் மலையேறிக் கோத்தகிரிப் பகுதியை அடைந்தார். பின்னர் உதகமண்டலம் உருவாகக் காரணமானார். கன்னேரிமுக்கில் அவர் பெயரால் நினைவகம் ஒன்றும் உள்ளது. ஆங்கில ஆட்சியின் அலுவலராகவே நாம் அறிந்த அவர் தாங்கிய பெயரோ ஆங்கிலப் பெயரன்று. அது அயர்லாந்தின் தொன்மையான குடிப்பெயர்களுள் ஒன்று; ஆங்கிலப் படையிடம் நிலத்தை இழந்து நடந்த ஒரு குடியின் பெயர். அப்பெயர் தன் மண்ணில் பதித்த தடங்களைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்

ஐரிஷ் குடிப்பெயர்களின் முன்னே நிற்கும் 'ஓ' என்பதற்குப் பேரன், வழித்தோன்றல் என்பன பொருள். பாட்டன் பெயரைத் தாங்கிய 'பெயரன்' என்னும் சொல்லே நம்மிடையே 'பேரன்' ஆயிற்று என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். 'ஓ'வை அடுத்த பகுதியில் கண்ணைக் குறிக்கும் 'சூயில்' என்னும் சொல் உள்ளது. கருவிழியோன் என்று சிலரும் ஒற்றைக் கண்ணன் என்று சிலரும் பொருள் கொள்வர். பெண்ணின் பெயரிலோ 'ஓ' நிற்பதில்லை. பிறந்த குடியைச் சொல்ல ஒரு முன்னொட்டும், மணந்த குடியைச் சொல்ல வேறொன்றும் வரும்.

ஆங்கில ஆட்சியில் பல குடும்பங்கள் 'ஓ'வைக் கைவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொழி மறுமலர்ச்சி எழுந்தபோது பலர் அதனை மீட்டுக்கொண்டனர். ஓரெழுத்தை இழப்பதும் மீட்பதும் ஒரு மக்களின் வரலாறாகவே அமைந்துவிட்டது.

நிலம்

இக்குடியினரின் தொல்நிலம் இன்றைய டிப்பரேரிப் பகுதி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியர் அங்குக் கால்கொண்டபோது இவர்கள் தென்மேற்குக் கடற்கரைக்குப் பெயர்ந்தனர். அங்குப் பேரா தீபகற்பத்தை ஆண்ட கிளையினர் 'ஓ சல்லிவன் பேரா' எனப்பட்டனர். டன்பாய்க் கோட்டை அவர்களது தலைமையிடம்.

அக்கிளையில் உரிமைப் பூசல் ஒன்று எழுந்தது. குடியினர் தம்முள் தகுதியான ஒருவரைத் தேர்வது ஐரிஷ் வழக்கு. மூத்த மகனுக்கே உரிமை என்பது ஆங்கிலச் சட்டம். தந்தை இறந்தபோது டோனல் காம் சிறுவன். ஆதலின் சிற்றப்பன் ஓவன் தலைவரானார். வளர்ந்தபின் டோனல் ஆங்கிலச் சட்டத்தைக் காட்டி வழக்காடி, 1593 அளவில் டன்பாயைப் பெற்றார். எந்தச் சட்டம் அவருக்கு நிலத்தைத் தந்ததோ, அதனை விதித்த அரசே பத்தாண்டுகளுக்குள் அந்நிலத்தைப் பறித்தது.

நடை

1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்களும் அவர்களுக்குத் துணைவந்த ஸ்பானியரும் தோற்றனர். டோனல் பணியவில்லை. 1602 சூனில் ஜார்ஜ் கேரூவின் பெரும்படை டன்பாயை முற்றுகையிட்டது. 143 வீரர் காத்த அக்கோட்டை இடிந்து வீழ்ந்தது. சிற்றப்பனின் மகன் அப்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றார். ஒரே பெயர் இருபுறமும் நின்ற போர் அது. குடிப்பெருமை பேசுவோர் இதனை மறந்துவிடுதல் கூடாது.

1602 திசம்பர் 31 அன்று கிளென்காரிஃப் காட்டிலிருந்து டோனல் வடக்கே புறப்பட்டார். உடன் சென்றோர் ஏறத்தாழ ஆயிரவர். அவருள் போர்வீரர் 400 பேர். எஞ்சியோர் பெண்டிரும் சிறாரும் பணியாளரும். பறம்பை இழந்த பாரி மகளிரின் துயரறிந்த நமக்கு இந்நடையின் அவலத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடுங்குளிரும் பசியும் ஒருபுறம். வழியெங்கும் தாக்குதல் மறுபுறம். தாக்கியோருள் அயர்லாந்தின் பிற குடியினரும் இருந்தனர். முன்னோர் பிறந்த டிப்பரேரி வழியாகவே அவர்கள் சென்றனர். நானூறு ஆண்டுகளுக்குப்பின் அம்மண் அவர்களை அயலாராகவே கண்டது. ஷானன் ஆற்றைக் கடக்கக் குதிரைகளைக் கொன்று, வளார்களால் முடைந்த ஓடங்களுக்கு அவற்றின் தோலைப் போர்த்தினர், இறைச்சி உணவாயிற்று. ஆக்ரிமில் வழிமறித்த படையை வென்றனர். 1603 சனவரி 14 அன்று லீட்ரிமில் ஓ ரூர்க்கின் கோட்டையை அடைந்தபோது டோனலுடன் இருந்தோர் 35 பேர். அவர்களுள் பெண் ஒருத்தியே. ஏனையோர் அனைவரும் மாண்டவரல்லர். பிரிந்தோரும் ஆங்காங்கே தங்கியோரும் உண்டு.

டோனல் ஸ்பெயினில் அடைக்கலம் பெற்று, 1618இல் மாட்ரிட் நகரில் கொல்லப்பட்டார். இந்நடையை இலத்தீனில் எழுதி 1621இல் லிஸ்பனில் வெளியிட்டவர் அவரது உறவினர் பிலிப் ஓ சல்லிவன் பேரா. சிறுவனாகவே ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட அவர் அவ்வழியில் நடந்தவரல்லர். நடந்தோர் வாய்க்கேட்டு எழுதியவர்.

பாதை

இன்று அவ்வழியைத் தழுவி, டர்சி தீவிலிருந்து கேவன் மாவட்டத்துப் பிளாக்லயன் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை ஒன்று உள்ளது. பேரா–பிரெஃப்னி வழி என்பது அதன் பெயர். வழியிலுள்ள ஊர்மக்களே கூடி அமைத்த பாதை அது. நடக்கும் மனிதனின் மஞ்சள் உருவம் பொறித்த கம்பங்கள் வழிகாட்டுகின்றன. அன்று தாக்குதல் நிகழ்ந்த ஊர்களிலும் இன்று வழிநடையாளர் விருந்தினராக வரவேற்கப்படுகின்றனர்.

அந்நெடுநடையை வரலாறு ஒரு தலைவனின் பெயரால் வழங்குகிறது. ஆயினும் குடிப்பெயர் தலைவனைத்தான் நினைவில் வைத்திருக்கும். நோயுற்று வழியில் விடப்பட்டவரையும், குழந்தையை ஏந்தி நடந்த தாயரையும் அது சொல்லாது. அவர்களுக்குக் கல்லெழுத்து இல்லை, பட்டயம் இல்லை. அவர்கள் கால் பட்ட வழி மட்டுமே எஞ்சியிருக்கிறது. உள்ளூர் வரலாற்றைத் தேடும் நாமும் பெயர்களைத் தொகுப்பதோடு நின்றுவிடாமல் பாதைகளையும் நடந்து பார்த்தல் வேண்டும். பெயரில்லாதோரின் வரலாறு அங்கேதான் இருக்கிறது.