சேன் நதியில் போட்ட படங்கள்

பள்ளியில் படிக்கும்போது கணக்கு நோட்டின் மூலைகளில் படம் போடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தாளுக்குத் தாள் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஓர் ஆளை வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் ஆள் ஓடுவான். ஒருநாள் பிரெஞ்சு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டேன். காதைத் திருகினார். பிறகு நோட்டைத் தானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எமீல் ரேனோ யாரென்று தெரியுமா?" என்று கேட்டார். அப்படித்தான் அந்தப் பெயர் எனக்கு அறிமுகம்.

கார்ட்டூன் என்றால் நம் எல்லோருக்கும் வால்ட் டிஸ்னிதான் நினைவுக்கு வருவார். அவர் பிறப்பதற்கு முன்பே, 1892 அக்டோபர் 28 அன்று, பாரிசில் க்ரெவான் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் ரேனோ தன் 'ஒளி நாடக'த்தைத் தொடங்கிவிட்டார். அதில் கேமராவே கிடையாது. ஜெலட்டின் சதுரங்களில் ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, நீளப் பட்டையாகக் கோத்து, விளக்கொளியில் திரையில் விழச் செய்தார். பட்டையில் துளையிட்டு ஓட்டும் யோசனையும் அவருடையதே. பின்னணிக் காட்சி இன்னொரு விளக்கிலிருந்து தனியாக விழும்.

'போவ்ர் பியெரோ' என்ற படத்துக்குச் சுமார் 500 ஓவியங்கள். நேராக ஓட்டினால் ஒரு நிமிடம்கூட வராது. ஆனால் ரேனோ அதைக் கால் மணி நேரம் காட்டுவார். எப்படியென்றால், பட்டையை முன்னும் பின்னும் கையால் திருப்பி, வேண்டிய இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓட்டுவார். வரைந்ததும் அவர் கை, ஓட்டியதும் அவர் கை. இன்றைய கணினிப் படங்களில் தலைமுடி ஒவ்வொன்றும் காற்றில் அசைகிறது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பார்க்கும்போது, இதை வரைந்தவர் எந்த இடத்தில் தயங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதேயில்லை. பியெரோவின் கோடு லேசாக நடுங்குகிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

1895 டிசம்பரில் லூமியேர் சகோதரர்களின் சினிமா வந்தது. மாதக்கணக்கில் ரேனோ தீட்டியதைக் கேமரா நிமிடத்தில் பிடித்தது. 5 லட்சம் பேருக்கு மேல் பார்த்த காட்சி 1900இல் நின்றது. சில ஆண்டுகள் கழித்து மனம் வெறுத்துப்போய், இயந்திரத்தை உடைத்தார். பட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் எறிந்தார். 1918 ஜனவரியில் இவ்ரி நகரத்து முதியோர் மருத்துவமனையில் இறந்தார்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணினி வந்த வருடம், முப்பது வருடத்துப் பதிவேடுகளை எடைக்குப் போட்டார்கள். அதில் பாதி என் கையெழுத்து. வண்டி போகும்வரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ரேனோ தன் கையாலேயே எறிந்தார். அது எப்படி முடிந்ததோ!

தப்பிப் பிழைத்தவை பியெரோவும், கடற்கரைக் குளியலறை ஒன்றைச் சுற்றி நடக்கும் இன்னொரு படமும்தான். சென்ற வாரம் பேரனின் கைபேசியில் பியெரோவை அவனுக்குக் காட்டினேன்.

"ஏன் தாத்தா மத்ததையெல்லாம் ஆத்துல போட்டாரு?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இன்னொரு வாட்டி போடு தாத்தா" என்றான். போட்டேன்.