எச். ஸ்ரீதர்

எச். ஸ்ரீதர் (மறைவு: 1 டிசம்பர் 2008), திரைப்பட ஒலிப்பொறியாளர். ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களுக்காக நான்கு முறை தேசிய விருது பெற்றார்.

வசனம், இசை, காற்று, கதவு எனத் தனித்தனியாகப் பதிவான தடங்களை அளவறிந்து சேர்ப்பதே இவர் செய்த ஒலிக்கலவைப் பணி. நாயகி கிசுகிசுக்கும்போது வயலின் எவ்வளவு தாழ வேண்டும், குண்டு வெடித்தபின் எத்தனை நொடி அமைதி என்பதெல்லாம் இங்கே முடிவாகும். தமிழ், இந்திப் படங்களில் வசனத்தைப் பின்னர் டப்பிங்கில் பேசுவதே நெடுநாள் வழக்கம். காலடிச் சத்தத்தைக்கூட, திரையைப் பார்த்தபடி செருப்பணிந்து நடந்து ஒருவர் உண்டாக்குவார். இந்திப் படமான ‘லகான்’ விதிவிலக்கு. அதில் வசனம் படப்பிடிப்பிலேயே பதிவானது. அப்படத்துக்கான தேசிய விருதை ஸ்ரீதர் நகுல் காம்தேயுடன் பகிர்ந்துகொண்டார்.

பாடகர் பெயரைச் சட்டெனச் சொல்லும் ரசிகர் பலருக்கு இவர் பெயர் தெரியாது. நியாயமில்லைதான்.